விண்ணப்ப போட்டோவும் 50 கே.பி. வரம்பும்: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே படங்களை மாற்றலாம்

வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு என்று ஆன்லைனில் விண்ணப்பிப்பவர்கள் பெயர், முகவரி, படிப்பு விவரங்களை எல்லாம் சரியாக நிரப்பிவிடுகிறார்கள். போட்டோ அப்லோட் செய்யும் பக்கத்திற்கு வந்தவுடன்தான் சிக்கல் தொடங்குகிறது. பைல் பெரிதாக உள்ளது என்று ஒரு செய்தி கிடைக்கும். சுருக்கிக் கொடுத்தால், மிகவும் சிறிதாக உள்ளது என்று இன்னொரு செய்தி. அளவைச் சரி செய்தால், இந்த பார்மட் ஏற்கப்படாது என்று மூன்றாவது செய்தி. விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவில் இப்படி ஆனால் என்ன செய்வது? சென்னையில் இருப்பவர் தெரு முனையில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பிடித்துவிடுவார். ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு போன்ற ஊரில் இரவு எட்டு மணிக்கு மேல் அது நடக்கிற காரியம் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் எங்கும் போக வேண்டிய தேவையும் இல்லை.

முதலில், என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்போம். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளில் போட்டோ 200க்கு 230 பிக்ஸல், 20 முதல் 50 கே.பி. என்று இருக்கும். கையெழுத்து 140க்கு 60 பிக்ஸல், 10 முதல் 20 கே.பி. இடது கட்டை விரல் ரேகை 240க்கு 240 பிக்ஸல், 20 முதல் 50 கே.பி. கையால் எழுதும் உறுதிமொழி 800க்கு 400 பிக்ஸல், 50 முதல் 100 கே.பி. எல்லாமே ஜேபிஜி பார்மட்டில் இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளிலும் போட்டோவுக்கு 20 முதல் 50 கே.பி., கையெழுத்துக்கு 10 முதல் 20 கே.பி. என்றே வந்திருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் தேர்வின் அறிவிப்பை ஒரு முறை படித்து அளவுகளைக் குறித்துக்கொள்ளவும். தேர்வுக்குத் தேர்வு சிறிது மாறலாம்.

பெயரை மாற்றினால் பார்மட் மாறுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் செய்யும் முதல் காரியம், பைலின் மீது ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்து, புள்ளிக்குப் பின்னால் உள்ள பிஎன்ஜி என்பதை ஜேபிஜி என்று மாற்றுவது. ஐகான்கூட மாறிவிடும். சில சமயம் படமும் திறக்கும். ஆனால் பைலின் உள்ளே ஒன்றுமே மாறியிருக்காது. அரிசி டப்பாவின் மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டியதைப் போலத்தான்.

ஒவ்வொரு இமேஜ் பைலும் தன் முதல் சில பைட்டுகளில் தான் யார் என்று சொல்லிவிடும். பிஎம்பி பைல் என்றால் முதல் இரண்டு பைட்டுகள் பி, எம் என்ற ஆங்கில எழுத்துகள். பிஎன்ஜி பைலில் முதல் பைட்டின் மதிப்பு 137. அடுத்த மூன்றும் பி, என், ஜி எழுத்துகள். ஜிப் பைல் ஜி, ஐ, எப் என்று தொடங்கும். ஜேபிஜி பைலின் முதல் இரண்டு பைட்டுகள் 255, 216. நோட்பேடில் ஒரு பிஎன்ஜி பைலைத் திறந்து பாருங்கள். குப்பை போலக் குறிகள் தெரியும். ஆனால் முதல் வரியிலேயே அந்த மூன்று எழுத்துகள் கண்ணில் படும். (பார்த்துவிட்டுச் சேவ் செய்யாமல் மூடிவிடவும். சேவ் செய்தால் படம் கெட்டுவிடும்.) விண்ணப்பத்தை வாங்கும் சர்வர் பெயரைப் பார்க்காமல் இந்த பைட்டுகளைப் பார்த்தால், பெயர் மாற்றிய பைல் திரும்பி வந்துவிடும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அதிகமாக நேரும். 2017ல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல், அந்த போன்களின் கேமரா ஹெச்.இ.ஐ.சி. என்ற பார்மட்டில் படங்களைச் சேமிக்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கும், தரமும் நன்றாக இருக்கும். ஆனால் விண்ணப்பத் தளங்கள் இதை ஏற்பதில்லை. போனில் செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் சென்று மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்வு செய்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபிஜி ஆக வரும். ஏற்கனவே எடுத்த படங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பாவும் ஊடையும்

மாற்றுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறி தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிறம் தெரிகிறது அல்லவா? கம்ப்யூட்டர் படமும் அப்படித்தான். குறுக்கும் நெடுக்குமான கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்ஸல். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கு ஒவ்வொரு பைட், மொத்தம் 3 பைட்டுகள்.

போனில் எடுத்த 4000க்கு 3000 பிக்ஸல் படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்ஸல்கள் உள்ளன. மூன்றால் பெருக்கினால் 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள், அதாவது சுமார் 34 எம்.பி. உங்கள் போனில் அந்தப் படம் சில எம்.பி. மட்டுமே பிடிக்கிறது என்றால், சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எப்படிச் சுருக்குகிறார்கள் என்பதில்தான் பார்மட்டுகளுக்குள் வேறுபாடு.

பிஎம்பி பெரும்பாலும் சுருக்காமல் அப்படியே எழுதிவிடும். பிஎன்ஜி (1996ல் வந்தது) திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைக் கண்டுபிடித்துச் சுருக்கும். விரித்தால் ஒரு பிக்ஸல்கூட மாறாமல் திரும்பக் கிடைக்கும். கட்டம் போட்ட லுங்கி டிசைன் பிஎன்ஜியில் மிகச் சிறிதாகிவிடும். மனித முகத்தில் அப்படித் திரும்ப வருவது குறைவு. அதனால் அவ்வளவாகச் சுருங்காது. ஜேபிஜி வேறு வழியில் போகிறது. படத்தை 8க்கு 8 பிக்ஸல் சதுரங்களாக வெட்டி, நம் கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் நன்றாகக் கவனிக்கும். நிற வேறுபாட்டை அவ்வளவாகக் கவனிக்காது. ஆகவே நிற விவரத்தில் அதிகம் வெட்டு விழும். விட்டது விட்டதுதான், திரும்ப வராது. ஒரு ஜேபிஜி படத்தைத் திறந்து, திருத்தி, மீண்டும் ஜேபிஜி ஆகவே சேவ் செய்தால் மீண்டும் ஒரு வெட்டு. இதனால்தான் ஒரிஜினலைத் தொடாமல், ஒவ்வொரு முறையும் ஒரிஜினலிலிருந்தே புதிய காப்பி எடுக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

ஜக்கார்டு டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைபவர்கள் ஜேபிஜி பக்கமே போவதில்லை. அங்கே ஒரு புள்ளி என்பது உண்மையாகவே ஒரு நூல். நான்கு நிறத்தில் வரைந்த டிசைனை ஜேபிஜி ஆகச் சேவ் செய்தால், ஓரங்களில் நிறங்கள் கலந்து நூற்றுக்கணக்கான நிறங்கள் முளைத்துவிடும். தறிக்கு அது எதற்கும் உதவாது. முகத்துக்கு ஜேபிஜி, கோடு, எழுத்து, கட்டம் போன்றவற்றுக்கு பிஎன்ஜி என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தவறு வராது. விண்ணப்பத்தில் கையெழுத்தையும் ஜேபிஜியில்தான் கேட்கிறார்கள். அது அவர்கள் விதி, நாம் ஒன்றும் செய்ய முடியாது.

லைப்ரரி என்றால் என்ன?

இங்கே லைப்ரரி என்பது புத்தகம் இருக்கும் இடம் அல்ல. ஒரு வேலையைச் செய்யத் தேவையான புரோகிராம் பகுதிகளை ஒருவர் எழுதிச் சரிபார்த்து வைத்துவிடுகிறார். மற்ற புரோகிராம்கள் அதை அழைத்து வேலை வாங்கிக்கொள்கின்றன. ஜேபிஜியைப் படிப்பதற்கான கணக்குகளை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதினால் மாதக்கணக்கில் ஆகும். 1991ல் இன்டிபென்டன்ட் ஜேபிஜி குரூப் என்ற தன்னார்வலர் குழு, டாம் லேன் என்பவர் ஒருங்கிணைப்பில், லிப்ஜேபிஜி என்ற லைப்ரரியை இலவசமாக வெளியிட்டது. எந்தப் புரோகிராமரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கொடுத்தார்கள். ஜேபிஜி இவ்வளவு பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. நல்ல பார்மட்டாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்கும் சாவி எல்லோர் கையிலும் கிடைக்க வேண்டும்.

ஒரே பார்மட் இல்லாமல் பல பார்மட்டுகளைக் கையாளும் லைப்ரரிகள் அடுத்து வந்தன. அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி 1987ல் தொடங்கிய இமேஜ்மேஜிக் 1990ல் வெளியானது. இன்று 200க்கும் மேற்பட்ட பார்மட்டுகளை அது அறியும். பைத்தான் மொழிக்காக பிரெட்ரிக் லுண்ட் 1995ல் பி.ஐ.எல். என்ற லைப்ரரியைத் தொடங்கினார். அதன் வளர்ச்சி நின்றுபோனபோது, 2010ல் அலெக்ஸ் கிளார்க் அதிலிருந்து பிரித்து எடுத்து பில்லோ என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் தலையணைக்கு என்ன எழுத்துகளோ அதே எழுத்துகள்தான். இமேஜ்மேஜிக், பில்லோ இரண்டுமே இலவசம்.

எந்த லைப்ரரி ஆனாலும் வேலை இரண்டு படியில் நடக்கிறது. பழைய பைலை விரித்து மெமரியில் பிக்ஸல் கட்டங்களாக்குவது முதல் படி. அந்தக் கட்டங்களைப் புதிய பார்மட்டில் மீண்டும் சுருக்கி எழுதுவது இரண்டாவது படி. நடுவில் கட்டங்களாக இருக்கும்போதுதான் வெட்டுவது, திருப்புவது, சிறிதாக்குவது எல்லாம்.

பில்லோவில் செய்து பார்ப்போம்

பைத்தானின் சொந்த இணையதளத்திலிருந்து அதை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்யவும். இடையில் பாத் என்பதில் பைத்தானைச் சேர்க்கவா என்று கேட்டால் டிக் செய்துவிடவும். இதை விட்டுவிட்டால் பிறகு கட்டளை கொடுக்கும்போது அப்படி ஒன்றும் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். அடுத்து கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிப் இன்ஸ்டால் பில்லோ என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலத்தில், இடையில் இடைவெளி விட்டு டைப் செய்து எண்டர் தட்டவும். இதற்கு மட்டும் இண்டர்நெட் வேண்டும். ஹெச்.இ.ஐ.சி. படங்கள் இருந்தால் பில்லோவுக்கான ஹெய்ப் துணை லைப்ரரியையும் இதே முறையில் சேர்த்துக்கொள்ளவும். இதன் பின் இண்டர்நெட் இல்லாமலேயே வேலை நடக்கும்.

எழுத வேண்டிய புரோகிராம் பத்து, பன்னிரண்டு வரிகளுக்கு மேல் போகாது. ஒவ்வொரு வரியும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால், பில்லோவின் உதவிப் பக்கங்களில் உள்ள உதாரணங்களைப் பார்த்து நீங்களே எழுதிவிடலாம்.

இமேஜ் பகுதியின் ஓப்பன் என்ற கட்டளை படத்தைத் திறக்கும். அடுத்ததாக, சிறிதாக்கும் முன்பே, படத்தை நேராக்க வேண்டும். போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் கேமரா படுக்கைவாட்டிலேயே பிக்ஸல்களை எழுதிவிட்டு, காட்டும்போது திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பை எக்ஸிப் என்ற பகுதியில் வைத்திருக்கும். போன் அந்தக் குறிப்பைப் படித்து நேராகக் காட்டும். நாம் மாற்றி எழுதும்போது அந்தக் குறிப்பு போய்விட்டால் ஹால் டிக்கெட்டில் முகம் படுத்துக் கிடக்கும். இமேஜ்ஆப்ஸ் பகுதியில் உள்ள எக்ஸிப் டிரான்ஸ்போஸ் என்ற கட்டளை, குறிப்பில் உள்ளபடி பிக்ஸல்களையே திருப்பி வைத்துவிடும்.

மூன்றாவது, நிற வகையை ஆர்ஜிபிக்கு மாற்றுவது. பிஎன்ஜி படங்களில் ஒளி ஊடுருவும் பின்னணி இருக்கலாம்; ஜேபிஜிக்கு அது தெரியாது. அப்படியே எழுதச் சொன்னால் பில்லோ பிழைச் செய்தி தரும். யோசிக்காமல் ஆர்ஜிபிக்கு மாற்றினால், பின்னணி கறுப்பாகி, கறுப்பு மையில் போட்ட கையெழுத்து அதில் மறைந்துபோகலாம். ஆகவே வெள்ளை நிறத்தில் ஒரு புதிய படம் உருவாக்கி, அதன் மேல் கையெழுத்தை ஒட்டும்படி செய்ய வேண்டும். நேராக ஸ்கேன் செய்த படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து அளவு. இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்டுடியோவில் எடுக்கும் பாஸ்போர்ட் போட்டோ 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். அகலத்தை உயரத்தால் வகுத்தால் 0.78 வரும். விண்ணப்பத்தில் கேட்கும் 200க்கு 230ல் இது 0.87. இரண்டும் ஒன்றல்ல! பாஸ்போர்ட் போட்டோவை அப்படியே 200க்கு 230 ஆக அழுத்தினால் முகம் சுமார் 12 சதவீதம் அகலமாகிவிடும். தேர்வு மையத்தில் ஆளையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முகம் தெளிவாக இல்லாத விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்று அறிவிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள். முதலில் மேலும் கீழும் தேவையான அளவு வெட்டி, விகிதத்தைச் சரி செய்து, பிறகுதான் சிறிதாக்க வேண்டும். ரீசைஸ் என்ற கட்டளை அழுத்திவிடும். இமேஜ்ஆப்ஸில் உள்ள பிட் என்ற கட்டளை வெட்டிவிட்டுச் சிறிதாக்கும். பிட் கட்டளையையே பயன்படுத்தவும். தலை உச்சி வெட்டுப்படுகிறதா என்று ஒரு முறை கண்ணால் பார்த்துக்கொள்ளவும்.

கடைசியாக சேவ். பில்லோ ஜேபிஜி எழுதும்போது குவாலிட்டி என்று ஓர் எண் கொடுக்கலாம். எதுவும் கொடுக்காவிட்டால் 75 என்று எடுத்துக்கொள்ளும். 200க்கு 230 என்றால் 46,000 பிக்ஸல். சுருக்காமல் வைத்தாலே சுமார் 135 கே.பி.தான். இதைக் குவாலிட்டி 75ல் சுருக்கினால் பெரும்பாலும் 20 கே.பி.க்குக் கீழே போய்விடும். "சிறிதாக உள்ளது" என்ற செய்தி வருவது இதனால்தான். 95ல் தொடங்கி, மெமரியிலேயே எழுதிப் பார்த்து, 50 கே.பி.க்கு மேல் இருந்தால் 5 குறைத்து மீண்டும் எழுது என்று ஒரு லூப் போட்டுவிட்டால், பொருந்தும் அளவு கிடைத்தவுடன் நின்றுவிடும். 95க்கு மேல் போக வேண்டாம் என்று பில்லோவை எழுதியவர்களே சொல்கிறார்கள். பைல்தான் பெருக்கும், படம் மேம்படாது. சிலர் 1 கே.பி.க்கு 1000 பைட், சிலர் 1024 பைட் என்று கணக்கிடுகிறார்கள். எனவே விளிம்பில் நிற்காமல் 25க்கும் 45க்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

கையெழுத்து இன்னும் தொல்லை தரும். 140க்கு 60 என்றால் 8,400 பிக்ஸல்தான். சுருக்காமலேயே 25 கே.பி. அளவுதான் வரும். அதில் பெரும்பகுதி வெறும் வெள்ளைத் தாள். ஜேபிஜி வெள்ளையை ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடும். 10 கே.பி. குறைந்தபட்சம் என்றால் எட்டுவது கடினம். பிக்ஸல் அளவு "விரும்பத்தக்கது" என்று மட்டும் அறிவிப்பில் இருந்தால், அதே விகிதத்தில் 280க்கு 120, அல்லது 420க்கு 180 என்று பெரிதாக எடுத்துக்கொள்ளவும். கே.பி. வரம்புக்குள் வந்துவிடும், கையெழுத்தும் தெளிவாக இருக்கும். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி இந்த அளவுக்குக் கொண்டுவரக் கூடாது. ஒரிஜினல் ஸ்கேனிலிருந்தே எடுக்க வேண்டும்.

ஒரே வரியில் முடிக்க

புரோகிராம் எழுதப் பிடிக்காதவர்களுக்கு இமேஜ்மேஜிக் வசதியானது. இன்ஸ்டால் செய்தபின் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் மேஜிக் என்ற சொல், அடுத்து பழைய பைலின் பெயர், பிறகு செய்ய வேண்டிய வேலைகள், கடைசியில் புதிய பைலின் பெயர். புதிய பெயர் ஜேபிஜி என்று முடிந்தால் ஜேபிஜி ஆகவே மாற்றித் தரும். இங்கே மட்டும் எக்ஸ்டென்ஷன் மாற்றினால் பார்மட் உண்மையிலேயே மாறும்! நடுவில் கொடுக்க வேண்டிய வேலைகளில், ஆட்டோ ஓரியன்ட் நேராக்கும், ரீசைஸ் சிறிதாக்கும், ஸ்ட்ரிப் கூடுதல் தகவல்களை நீக்கும். வரிசை முக்கியம். ஸ்ட்ரிப் முதலில் வந்துவிட்டால் திருப்பிக் காட்டும் குறிப்பும் போய்விடும், பிறகு நேராக்க வழியில்லை. ஜேபிஜி எக்ஸ்டென்ட் என்ற அமைப்பில் 45 கே.பி. என்று கொடுத்தால், அதற்குள் அடங்கும் அதிகபட்ச குவாலிட்டியை அதுவே தேடிக் கண்டுபிடிக்கும்.

லைப்ரரியின் உண்மையான பலம் ஒரு படத்தில் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை அனுப்பும் ஒரு கான்டிராக்டர் 300 பேரின் போட்டோக்களை அடையாள அட்டைக்காகத் தயார் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயின்டில் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் ஒரு நாள் போய்விடும். அதே வேலையை ஒரு போல்டர் முழுவதற்கும் செய் என்று லைப்ரரியிடம் சொன்னால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். இமேஜ்மேஜிக்கில் இதற்கு மோக்ரிபை என்ற கட்டளை இருக்கிறது. கவனம்! பார்மட்டை மாற்றாமல் அளவை மட்டும் குறைக்கச் சொன்னால், இது புதிய பைல் உருவாக்காமல் ஒரிஜினல்கள் மீதே எழுதிவிடும். 300 ஒரிஜினல்களும் போய்விடும். வேறு ஒரு போல்டருக்குக் காப்பி செய்துகொண்டு அந்தக் காப்பிகளில் மட்டும் வேலை செய்யவும்.

கமாண்ட் பிராம்ப்டே வேண்டாம் என்பவர்கள் இர்பான்வியூ போன்ற இலவச புரோகிராமில் மவுஸ் மூலமே ஓரளவு செய்துகொள்ளலாம்.

ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, நிறையவே. தேடினால் முதல் பக்கம் முழுவதும் அவைதான். இயற்கைக் காட்சிப் படம் என்றால் அங்கே மாற்றிக்கொள்வதில் பெரிய தவறில்லை. ஆனால் விண்ணப்பத்திற்கு நீங்கள் தயார் செய்பவை என்னென்ன என்று மீண்டும் ஒரு முறை பாருங்கள்: முகம், கையெழுத்து, கட்டை விரல் ரேகை, கையால் எழுதிய உறுதிமொழி. உங்கள் பெயரில் மோசடி செய்ய நினைப்பவனுக்கு வேறு என்ன வேண்டும்? இந்த நான்கையும் யார் நடத்துகிறார்கள், எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாத ஒரு சர்வருக்கு நாமே அனுப்பி வைக்கிறோம். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகையை மாற்ற முடியாது. இலவசமாக பைல் மாற்றித் தருவதாகச் சொல்லும் சில தளங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் போன்றவற்றை இறக்குகின்றன என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது.

போனில் லொகேஷன் வசதி ஆனில் இருந்தால், படத்தின் எக்ஸிப் பகுதியில் அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கும். வீட்டுச் சுவரைப் பின்னணியாக வைத்து எடுத்த போட்டோ என்றால் அது உங்கள் வீட்டு முகவரிக்குச் சமம். ஸ்ட்ரிப் கட்டளை இதையும் சேர்த்து நீக்கிவிடும்.

லைப்ரரிகளிலும் ஓட்டை வருவதுண்டு. 2016ல் இமேஜ்மேஜிக்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறைக்கு இமேஜ்டிராஜிக் என்று பெயரே வைத்தார்கள். தந்திரமாகத் தயாரித்த படத்தை அனுப்பி, அதைத் திறக்கும் சர்வரில் தங்கள் கட்டளைகளை இயக்க முடிந்தது. 2023 செப்டம்பரில் வெப்பி பார்மட்டுக்கான லைப்ரரியில் ஒரு குறை வெளியாகி, குரோம், பயர்பாக்ஸ் உள்பட அந்த லைப்ரரியைப் பயன்படுத்திய பல புரோகிராம்கள் அவசரமாக அப்டேட் வெளியிட்டன. வீட்டில் பயன்படுத்தும் நாம் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. புதிய பதிப்பு வந்தால் அப்டேட் செய்துகொள்ளவும், முன்பின் தெரியாதவர் அனுப்பிய படங்களைத் திறந்து பார்க்க வேண்டாம்.

சான்றிதழ் பிடிஎப் ஆக இருந்தால்

இ-சேவை மூலம் வாங்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் பிடிஎப் ஆக வருகின்றன. சில விண்ணப்பங்களில் ஜேபிஜி கேட்பார்கள். பிடிஎப் பைலில் பெரும்பாலும் பிக்ஸல் கட்டங்கள் கிடையாது. இந்த இடத்தில் இந்த எழுத்து, இங்கிருந்து அங்கே ஒரு கோடு என்ற குறிப்புகள்தான் இருக்கும். அந்தக் குறிப்புகளைப் படித்துப் பிக்ஸல்களாக வரைந்து எடுப்பதற்கு ரெண்டரிங் என்று பெயர். வரையும்போது எவ்வளவு நெருக்கமாக வரைய வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

இமேஜ்மேஜிக்கிடம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வரையும். ஏ4 பக்கம் 595க்கு 842 பிக்ஸலில் வரும்; சான்றிதழ் எண்ணைப் படிக்கவே முடியாது. டென்சிட்டி 200 என்று கொடுத்தால் 1654க்கு 2339 பிக்ஸலில் தெளிவாக வரும். டென்சிட்டியைப் பழைய பைலின் பெயருக்கு முன்னால் கொடுக்க வேண்டும். பின்னால் கொடுத்தால் ஏற்கனவே வரைந்து முடித்துவிட்டிருக்கும். பிடிஎப் வேலைக்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு இலவச புரோகிராமையும் இன்ஸ்டால் செய்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் புரியாத பிழைச் செய்தி ஒன்று வரும்.

இந்த பிடிஎப் சான்றிதழ்களில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. ஜேபிஜி ஆக மாற்றினால் அது கண்ணுக்குத் தெரியும் வெறும் படமாகிவிடும், சரிபார்க்க முடியாது. மாற்றிய பிறகு பிடிஎப் எதற்கு என்று அழித்துவிடாதீர்கள்.

படத்தில் தமிழில் பெயர் போட

சில விண்ணப்பங்களில் போட்டோவின் கீழே பெயரும் படம் எடுத்த தேதியும் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் போட பில்லோவில் ஒரே வரி போதும். அடையாள அட்டைக்கோ விழா அழைப்பிதழுக்கோ தமிழில் பெயர் போட முயன்றவர்கள் திகைத்திருப்பார்கள். "கொடி" என்று கொடுத்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். இதுவும் ரெண்டரிங் பிரச்னைதான். யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, அதன் பின் எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது குறியை முன்னால் கொண்டுவர வேண்டும். "கொ" என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். பில்லோவின் சாதாரண முறைக்கு இந்த விதிகள் தெரியாது. ராக்ம் என்ற துணை லைப்ரரி இயங்கினால்தான் சரியாக வரும். விண்டோஸில் அதற்கு ப்ரிபிடி என்ற பைல் தனியாகத் தேவைப்படுகிறது. புதியவர்களுக்கு இது கொஞ்சம் அலைச்சல். ஓரிரு படங்கள்தான் என்றால், பெயரை மட்டும் பெயின்டில் தமிழ் எழுத்துருவில் டைப் செய்து பிஎன்ஜி ஆகச் சேவ் செய்துகொண்டு, அதைப் பில்லோ மூலம் போட்டோவின் கீழ் ஒட்டிவிடலாம். விண்டோஸ் தமிழைச் சரியாகவே வரையும். 300 அடையாள அட்டைகள் என்றால் ராக்ம் அமைத்துக்கொள்வதே நேரத்தை மிச்சப்படுத்தும்.